காற்றுக்குத் தெரியாதவை

என் விசிட்டிங் கார்டில் அப்போது ஒன்பது வரிகள் இருந்தன. பெயர், பெயருக்குப் பின்னால் வால் மாதிரி இரண்டு பட்டங்கள், 'வெப்பப் பாய்வியல் ஆலோசகர்' என்றொரு பதவி, அது புரியாதவர்களுக்காக அதையே ஆங்கிலத்தில் இன்னொரு தரம், முகவரிக்கு மூன்று வரி, கடைசியில் ஒரு பொன்மொழி. பொன்மொழியை எழுதியதும் நானே. வேலை கேட்டு வந்த அந்தப் பெண் கார்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"சார், இதுல போன் நம்பர் எங்க சார் இருக்குது?"

வாங்கித் தேடினேன். இல்லை. அச்சுக்குக் கொடுத்த அன்று பொன்மொழிக்கு இடம் பத்தவில்லை என்று பிரஸ்காரர் சொன்னதும், நம்பரை எடுத்துவிடச் சொன்னது நான்தான் என்பது மெல்ல நினைவுக்கு வந்தது. ஒரு வருஷமாக அந்தக் கார்டை எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தரும் கூப்பிட மாட்டேன் என்கிறார்களே என்று வீட்டில் புலம்பிக்கொண்டும் இருந்தேன். அசடு வழியச் சிரித்துவிட்டு அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டேன். எடுக்காமல் விட்டால் இதை வெளியில் போய்ச் சொல்லுவாள் என்ற பயமும் ஒரு காரணம்.

வேலூரில் காட்பாடி ரோட்டில், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்கு மேல்மாடியில் என் அலுவலகம். ஆறு கம்ப்யூட்டர், ஐந்து பேர். ஒரு மின்னணுப் பெட்டியைத் தயாரிப்பதற்கு முன்பே, அது உள்ளுக்குள் எவ்வளவு சூடாகும், காற்று எந்த வழியாகப் போய் அதை ஆற்றும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது எங்கள் தொழில். கேட்பதற்குப் பெரிய சங்கதியாக இருக்கும். உண்மையில் பத்தில் ஒன்பது பங்கு, காய் நறுக்குகிற வேலைதான். கம்பெனிக்காரர்கள் பெட்டியின் வரைபடத்தை அனுப்புவார்கள். வரைந்த மகராசன் ஒன்றையும் விட்டிருக்கமாட்டான். திருகாணி, திருகாணியின் மரை, சிப்பின் தலையில் பொறித்த எழுத்து, மூடியில் கம்பெனி முத்திரை, ஒவ்வொரு முனையிலும் மழுக்கிய வளைவு என்று எல்லாம் இருக்கும். கம்ப்யூட்டரோ பெட்டிக்குள் இருக்கும் காற்றைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போடுகிற ஜீவன். ஒரு மரைக்குள் நுழைந்தால் கடுகிலும் சின்னதாகக் கட்டம் போடும். ஆயிரம் மரை இருந்தால் மூச்சு முட்டி நின்றுவிடும். ஆகவே முதலில் வரைபடத்திலிருந்து தேவையற்றதை எல்லாம் எடுக்க வேண்டும்.

எனக்கு எடுக்க மனசு வராது. வீட்டில் செத்துப்போன செல்போன்களின் சார்ஜர்களை ஒரு பிஸ்கட் டின் நிறைய வைத்திருக்கிற ஆள் நான். அவள் வருவதற்கு முன்னால் ஒரு தெருவிளக்குப் பெட்டியை, ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல் அப்படியே கணக்குக்கு விட்டேன். நான்கு நாள் ஓடி, நான்காம் நாள் கம்ப்யூட்டர் கல்லாகச் சமைந்துவிட்டது. 'அதிநுட்பத் துல்லியத்தில் ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது' என்று வாடிக்கையாளருக்கு எழுதிவிட்டு ரீஸ்டார்ட் பட்டனை அமுக்கினேன்.

அவள் எடுப்பதைப் பார்க்க வேண்டும். இடது கை மேஜைமேல் சும்மா கிடக்கும். ஒவ்வொரு பாகமாகச் சொடுக்கி, உதடு அசையாமல் எதையோ கேட்டுக்கொள்வாள். பிறகு டெலிட். சொடுக்கு, டெலிட். சொடுக்கு, டெலிட். நடுவில் ஒன்றில் நின்று, அதை விட்டுவிட்டுத் தாண்டிப் போவாள். என்ன கேட்டுக்கொள்கிறாள் என்று இரண்டாம் நாளே விசாரித்தேன்.

"காத்துக்கு இது தெரியுமான்னு பாப்பேன் சார். தெரியாதுன்னா எடுத்துருவேன்."

"இந்தத் தகடு ஏன் இருக்கு? சின்னதுதானே?"

"சின்னதுதான் சார். ஆனா ஃபேனுக்கு நேரா குறுக்க நிக்குது. காத்துக்கு அத நல்லா தெரியும்."

அதற்கு முன் மூன்று வருஷம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் பிரிவில் இருந்திருக்கிறாள். ஷூவின் மேல்பாகத் துண்டுகளைக் கம்ப்யூட்டரில் வரைகிற இடம். அந்தக் கோட்டின்மேலேயே மெஷின் கத்தி ஓடித் தோலை வெட்டும். "தோலு மேல ஒரு கோடு ஜாஸ்தி போட்டா அங்க கத்தி வந்துரும் சார். வெட்டிட்டா அப்புறம் தோலு போச்சு. அதான் எனக்கு சும்மா கோடு பாத்தாலே பேஜாரா இருக்கும்" என்றாள். அவள் தன்னைப் பற்றி ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அது ஒரு தரம்தான் என்று நினைக்கிறேன்.

குடியாத்தம் பஸ்ஸில் வந்து போவாள். அப்பாவுக்கு லுங்கி நெசவு. இருபத்தாறு வயது இருக்கும். ஒரு டிபன் பாக்ஸ், அதில் ஒரே பதார்த்தம். எங்கள் அலுவலகத்தில் லீவு லெட்டருக்கு நானே ஒரு மாதிரிப் படிவம் செய்து வைத்திருந்தேன், 'மேற்கண்ட பொருள் தொடர்பாக' என்று தொடங்குகிற மாதிரி. அவள் லீவு எடுத்தால் போனில், 'நாளைக்கு வரல. காய்ச்சல்' என்று வரும். படிவம் எங்கே என்று ஒரு முறை கேட்டேன். "அதுல இருக்கறது இதுலயே இருக்குது சார்" என்று பதில் வந்தது. எடுத்துப் பார்த்தேன். இருந்தது.

வாரம் ஒரு கூட்டம் போடுவேன். கூட்டம் என்றால் நான் பேசுவது. முக்கால் மணி நேரம் தொழில்தர்மம், உலகத்தரம், என்னுடைய கல்லூரிக் காலம் எல்லாம் வரும். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அவள் நோட்டில் குறித்துக்கொள்வாள். இவளாவது கேட்கிறாளே என்று நெகிழ்ந்துபோய், ஒரு நாள் அவள் டீ குடிக்கப் போன நேரம் அந்த நோட்டைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தேதி போட்டு ஒரே ஒரு வரி. 'புதனுக்குள் ரெண்டாவது ஃபேன்.' 'சென்னை ஃபைல் பேர் மாத்தணும்.' ஒரு தேதிக்கு நேராக ஒன்றுமே இல்லை. அன்றைக்குத்தான் நான் கண் கலங்கப் பேசியிருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் என்னை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சின்னதாக உதறல் எடுக்கும். சொடுக்கிப் பார்க்கிறாளோ என்று. என்னில் எதையெல்லாம் எடுத்துவிட்டால் காற்றுக்குத் தெரியாது என்று நானே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். மிச்சம் அதிகம் இல்லை.

சித்திரை வெயிலில் ஒரு கூத்து நடந்தது. வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அலுவலக ஏசி ஓடுகிறது, ஆனால் குளிரவில்லை. ஊருக்கெல்லாம் சூட்டைக் கணக்குப் போடுகிறவன் சட்டை ஊற உட்கார்ந்திருக்கலாமா என்று ரோஷம் வந்து, எங்கள் அறையையே கம்ப்யூட்டரில் வரைந்து, இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சிவப்பும் நீலமுமாக அழகான படங்கள் வந்தன. பெரிதாக பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி, இன்னொரு ஏசி அவசியம் என்று அறிவித்தேன். அவள் படத்துக்குக் கிட்டே போய் நின்றாள்.

"சார், இதுல உங்க பீரோ எங்க சார்?"

பீரோ என்பது என் ஷீல்டுகளும் சான்றிதழ்களும் இருக்கிற இரும்பு அலமாரி. வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று ஏசிக்கு நேர் எதிரே, நாலடி தள்ளி நிற்க வைத்திருந்தேன்.

"அது ஃபர்னிச்சர்மா. சிம்பிளா இருக்கட்டும்னு எடுத்துட்டேன். நீதானே எல்லாத்தையும் எடுக்கச் சொல்லுவே?"

"காத்துக்கு அது பீரோன்னு தெரியாது சார். செவுருன்னுதான் தெரியும்."

ஐந்து பேரும் சேர்ந்து பீரோவைத் தள்ளி மூலையில் நிறுத்தினோம். கால் மணி நேரத்தில் அறை குளிர்ந்தது. சுவரில் படம் இரண்டு வருஷம் அப்படியே இருந்தது. வருகிறவர்களிடம் அதைக் காட்டி, ஆய்வு செய்து அறையைச் சீரமைத்தோம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கும் என்றும் இல்லை. என் மகளுக்குக் காது குத்தும்போது பத்திரிகையை அடிக்கக் கொடுக்கும் பொறுப்பை அவளிடம் விட்டேன். கம்ப்யூட்டரில் கை சுத்தம் என்ற நம்பிக்கை. அவள் வழக்கப்படி சொடுக்கிச் சொடுக்கி எடுத்திருக்கிறாள். பெரியப்பாக்களின் பட்டம் போனது, சித்தப்பாக்கள் போனார்கள், 'தங்கள் நல்வரவை நாடும்' போனது. நாள், நேரம், கோயில், மண்டபம் மட்டும் நின்றன. பளிச்சென்று இருக்கிறது என்று மகிழ்ந்து நானும் படித்துப் பார்க்காமல் ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டேன். திருப்பத்தூரிலிருந்து என் மைத்துனன் போன் செய்தபோதுதான் விஷயம் தெரிந்தது. தாய்மாமன் பெயரே இல்லை.

அவன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். வரமாட்டேன் என்றுவிட்டான். என் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்தினாள். அலுவலகத்துக்கு வந்து அவளிடம் கத்தினேன்.

"தாய்மாமன் மடியிலதான் உக்கார வெப்பாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்ல சார். தெரிஞ்சத எதுக்குப் போட்டுக்கினுன்னு நெனச்சேன்" என்றாள். சொல்லும்போதே முகம் மாறிவிட்டது. மறுநாள் காலையில், யாரும் சொல்லாமல், பத்திரிகையைத் திரும்ப அடித்துக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். முதல் பெயராக, எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில், தாய்மாமன். அதை எடுத்துக்கொண்டு திருப்பத்தூர் போய் மைத்துனன் வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் நின்று கெஞ்சினேன். விழா நல்லபடியாக முடிந்தது. "அது வெயிட் தாங்குற பார்ட் சார். எனக்குத் தெரியாம போச்சு" என்று அவள் பிறகு ஒரு நாள் தானாகச் சொன்னாள். தப்பு செய்தால் அதைச் சொல்ல அவளுக்கு இரண்டு வாக்கியம் போதுமாக இருந்தது. நான் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

ஒன்றரை வருஷம்தான் எங்களிடம் இருந்தாள். பிறகு ஓசூர் பக்கம் பெரிய கம்பெனி ஒன்றுக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் தொடர்பு இல்லை. அவளைப் பற்றி நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்பு வரும். அதற்கடுத்து எப்போதும் ஒரு வெள்ளிக்கிழமை வந்து நிற்கும்.

சென்னையில் எங்களுக்கு ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளர் உண்டு. அந்தக் கம்பெனி ஆம்பூர் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலைக்காக ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தது. தோல் பதனிடும் கழிவுநீர் போய்ச் சேரும் தொட்டியை அவ்வப்போது ஆள் இறங்கிச் சுத்தம் செய்வார்கள். உள்ளே விஷவாயு தேங்கும். நாற்றம் அடிக்கும்தான், ஆனால் கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்துப்போய் ஒன்றும் சொல்லாது. அதனால் வாயுவைக் கண்டு சைரன் அடிக்க ஒரு கருவி. அந்தக் கருவியின் மூளைதான் இந்தப் பெட்டி. தொட்டிக்குப் பக்கத்தில் தகரக் கூரைக்கு அடியில் மாட்டப்போகிறார்கள். உள்ளே சூடு ஒரு அளவைத் தாண்டினால் மூளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாக அணைந்துவிடும். அணைந்துவிட்டால் சைரன் அடிக்காது. சைரன் அடிக்கவில்லை என்றால் உள்ளே இறங்கியவர்கள் காற்று நல்லதாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். ஆகவே அந்தப் பெட்டி சூடாகக் கூடாது. ஆகுமா, ஆகாதா என்று சொல்வது எங்கள் வேலை.

அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். நானே உட்கார்ந்தேன். அவள் இல்லாத நேரத்தில் என் கைவரிசையைக் காட்டிவிட வேண்டும் என்ற வீம்பும் இருந்தது. பெட்டியின் இரண்டு பக்கமும், இரும்பு பீரோ கதவுகளில் காற்றுக்காகச் சாய்வாகக் கீறி விட்டிருப்பார்களே, அந்த மாதிரி வரிசை வரிசையாகக் கீறல்கள். அவற்றை ஒவ்வொன்றாக வைத்தால் கணக்கு நீளும். எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு தட்டையான சல்லடையை வைத்தேன். பாதிக்குப் பாதி திறப்பு. டெலிட் பட்டனை அமுக்கும்போது இடது கையைச் சும்மா போட்டுக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அருமையாக வந்தது. படம் முழுக்க நீலம். முப்பது பக்க அறிக்கை எழுதி அனுப்பினேன். சென்னை மேனேஜர் போன் செய்து, இந்த முறை ரொம்ப சீக்கிரம் முடித்துவிட்டீர்கள் என்று பாராட்டினார். பெட்டி தயாராகவே இருக்கிறதாம். சனிக்கிழமை மாட்டுகிறார்கள். ஞாயிறு தொழிற்சாலைக்கு லீவு, அன்றைக்கு ஆள் இறங்குகிறார்கள்.

வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். முகம் வற்றிப்போயிருந்தது. அதே பெட்டியில் கொஞ்சம் சின்ன அளவுக்கு அடுத்த வேலை வந்திருந்ததால், சென்னைக்காரர்கள் அனுப்பிய மூல வரைபடத்தைத் திறந்தாள். மத்தியானம் மூன்று மணி இருக்கும்.

"சார், இந்தப் பொட்டில ஓட்டை எங்க சார்?"

"ரெண்டு பக்கமும்தான் இருக்கேம்மா, வரிசையா. காய்ச்சல் இன்னும் விடலையா?"

"இது ஓட்டை இல்ல சார். ஓட்டை மாதிரி."

எழுந்து போனேன். பெட்டியைக் குறுக்கே வெட்டிக் காட்டினாள். தகடு புடைத்து, தணிந்து, மறுபடி புடைத்து, மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாகப் போயிற்று. எந்த இடத்திலும் அறுபடவில்லை.

"ஷூவுல டிசைனுக்கு பஞ்ச் போடுவாங்க சார். மேல பாத்தா வரிசையா ஓட்டை. உள்ள லைனிங் ஒட்டி மூடி இருக்கும். காத்தும் போகாது, தண்ணியும் போகாது. இதுவும் அதான்" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்தாள். "நீங்க வெட்டிப் பாத்தீங்களா சார்?"

வெட்டிப் பார்க்கவில்லை. வரைபடத்தின் ஓரத்தில் எழுதியிருந்த குறிப்பையும் படிக்கவில்லை. அதைத்தான் முதலில் எடுத்திருந்தேன். அப்போது படித்தேன். தோல் தொழிற்சாலையின் வாயு உள்ளே போனால் செம்பை அரித்துவிடும் என்பதால் இந்தப் பெட்டி மட்டும் முழுக்க அடைக்கப்பட்டது என்று தெளிவாக இருந்தது. தகடு அமுக்கும் அச்சு, நிஜமாகவே ஓட்டை இருந்த அவர்களுடைய பழைய பெட்டியின் அச்சுதான். கீறாமல் அமுக்கி மட்டும் விட்டிருக்கிறார்கள். வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பதினாலு வருஷ அனுபவசாலி ஏமாந்தது போதாதென்று, இல்லாத ஓட்டை வழியாகக் காற்றையும் அனுப்பிக் குளிர வைத்து, முப்பது பக்கம் எழுதியிருக்கிறேன்.

அவள் சல்லடையை எடுத்துவிட்டு, அடைத்த பெட்டியாக மறுபடி கணக்குக்கு விட்டாள். ஒரு மணி நேரத்தில் படம் வந்தது. நடுவில் ரத்தச் சிவப்பு. மதிய வெயிலில், தகரத்துக்கு அடியில், இரண்டு மூன்று மணி நேரத்தில் மூளை அணைந்துவிடும். ஆள் தொட்டிக்குள் இருக்கிற நேரம்.

ஞாயிறு யாரும் இறங்கவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதைக் கடைசிவரை ஒளித்து வைத்து உங்களைப் பதற விடுவதை அவள் ஒத்துக்கொள்ளமாட்டாள். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்களுக்கு அது தெரியாது. வெட்கக்கேடு என்னவென்றால், எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது தொட்டி இல்லை. சென்னை கம்பெனி கைவிட்டுப் போய்விடுமே என்பதுதான்.

சென்னைக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில், முக்கால் மணி நேரம். உங்களுடனான எங்கள் நீண்ட உறவை நாங்கள் எவ்வளவு மதிக்கிறோம் என்று ஒரு பத்தி. எங்கள் தரக்கட்டுப்பாட்டு முறைகள் பற்றி ஒரு பத்தி. அந்த முறைகளால்தான் இந்தச் சிறு முரண்பாடு கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒரு வரி. அடுத்து, 'எங்கள் குழுவில் சமீபத்தில் சேர்ந்த அனுபவம் குறைந்த ஒருவர் வரைபடத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதால்' என்று ஒரு வரி. அதற்கும் கீழே, மூன்றாவது பத்தியின் வாலில், பெட்டி அடைத்தது, சூடாகும் என்ற சேதி.

சமீபத்தில் சேர்ந்தவர் என்று எங்கள் அலுவலகத்தில் அன்றைக்கு ஒரே ஒருத்திதான் இருந்தாள். எழுதும்போது எனக்கு அது தெரியாமல் இல்லை. அது பொய் இல்லை, ஒரு பொதுவான வாசகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுதுகிற கைக்கு அது போதுமாக இருந்தது.

சிவப்புப் படம் அவள் கம்ப்யூட்டரில் இருந்தது. "மெயிலை ஷேர் ஃபோல்டர்ல போட்டிருக்கேம்மா. அந்தப் படத்தை அதுல சேர்த்துடு" என்று இங்கிருந்தே சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அந்த வரி ஞாபகம் வந்தது.

நாற்காலியைத் தள்ளிவிட்டு அவள் மேஜைக்கு ஓடினேன். நாலு தப்படிதான். அதற்குள் அவள் தொடங்கியிருந்தாள். நீண்ட உறவு, டெலிட். தரக்கட்டுப்பாடு, டெலிட். சிறு முரண்பாடு, டெலிட். அனுபவம் குறைந்த ஒருவர். படித்தாள். டெலிட். அதே வேகம், அதே விரல். அந்த வரியில் அவள் விரல் ஒரு நொடி கூடுதலாக நின்றதா என்று இத்தனை வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன். நிற்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. நின்றிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

"அது வந்துமா... அது ஒரு ஃபார்மாலிட்டிக்கு..." என்று இழுத்தேன்.

"எறங்கறவங்களுக்கு யாரு தப்பு பண்ணாங்கன்னு தெரிய வேணாம் சார்" என்றாள், திரையைப் பார்த்தபடியே. "எறங்கக் கூடாதுன்னு தெரிஞ்சா போதும்."

திரையில் மூன்று வாக்கியம் மிச்சம் இருந்தது. பெட்டியின் பக்கங்களில் துளைகள் இல்லை. எங்கள் அறிக்கை தவறு. இந்தப் பெட்டியை நம்பி யாரையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள். அவள் அதையும் ஒரு முறை படித்துவிட்டு, மணியைப் பார்த்தாள். ஐந்தே முக்கால்.

"வெள்ளிக்கெழம சாயங்காலம் மெயில யாரு சார் பாப்பாங்க? போன் பண்ணிடுங்க."

செய்தேன். மேனேஜர் எடுத்தார். எங்கேயோ வண்டியில் போய்க்கொண்டிருந்தார். ஹாரன் சத்தம் கேட்டது.

"வணக்கம் சார். நல்லா இருக்கீங்களா சார்? வீட்டுல எல்லாரும்... சென்னைல வெயில் எப்படி சார்?" என்றேன். என் வாய் அப்படிப் பழகிப்போனது.

"சொல்லுங்க, டிரைவிங்ல இருக்கேன்."

எதிரில் அவள் தலை நிமிர்ந்தது.

"சார், அந்த ஆம்பூர் பெட்டில இருக்கறது ஓட்டை இல்ல சார். எல்லாம் மூடியிருக்கு. எங்க ரிப்போர்ட் தப்பு. மத்தியான வெயில்ல அது ஆஃப் ஆயிடும், சைரன் அடிக்காது. ஞாயித்துக்கிழமை யாரையும் இறக்காதீங்க சார்."

ஹாரன் சத்தம் நின்றது. வண்டியை ஓரம் கட்டியிருக்க வேண்டும்.

"நிச்சயமா தெரியுமா?"

"வெட்டிப் பாத்துட்டோம் சார்."

"சரி. நான் இப்பவே ஆம்பூருக்குப் பேசறேன். ஞாயித்துக்கிழமை வேலைய நிறுத்தச் சொல்றேன்." குரல் மாறியது. "இது யாரு பண்ண வேலை?"

அவள் சிவப்புப் படத்தை மூடிவிட்டு, அடுத்த பெட்டியின் வரைபடத்தைத் திறந்து திருகாணிகளை எடுக்க ஆரம்பித்திருந்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கிற முகம் இல்லை அது. சமீபத்தில் சேர்ந்த ஒருவர், எங்கள் குழு, வரைபடத்தில் இருந்த குழப்பம் என்று மூன்று பதில்கள் என் நாக்கில் வரிசையாக வந்து நின்றன.

"நான்தான் சார் பண்ணேன்" என்றேன்.

சொன்னதும் மார்பிலிருந்து ஏதோ இறங்கியது. உடனே, "ஆனா சார்..." என்று அடுத்ததை எடுத்தேன். பதிலே இல்லை. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அவர் ஆம்பூருக்குப் பேச எப்போதோ வைத்துவிட்டிருந்தார்.